டிரைவரைத் தூக்கிட்டு வேற போடுங்க

ஜூன் 2, திங்கள்

இன்னைக்கு யாரையாவது நல்லா நாலு வார்த்தை வையணும் போல இருக்கு. வீட்டுக்காரர் மார்க்கெட்ல மூட்டை இறக்கிட்டு வந்து குறட்டை விடுதார். தூங்குற ஆளை வைஞ்சு என்ன பிரயோசனம்? அதான் கம்பெனிக்கு மைதா போடுறவன் பொங்கலுக்குக் குடுத்த இந்த டைரியை எடுத்திருக்கேன். நான் ஆறாங்கிளாஸ்ல பாதியில ஓடி வந்தவ. சுழி, கொம்பு தப்பியிருந்தா டைரிதான் பொறுத்துக்கணும்.

பேரு முப்புடாதி. ஆலங்குளத்துல செல்வக்கனி ரஸ்க் கம்பெனியில குட்டி யானை ஓட்டுதேன். யானைன்னா தும்பிக்கை வச்சது இல்லை, சின்ன லோடு வண்டி. பன்னும் ரஸ்க்கும் ஏத்திக்கிட்டுப் போய் பாவூர்சத்திரம், கடையம், அம்பாசமுத்திரம் கடைகளுக்கு இறக்கிட்டு வாரது என் வேலை. இந்த ரோட்டுல லோடு வண்டி ஓட்டுற பொம்பளை நான் ஒருத்திதான். எதிர்ல வார பஸ்காரன்கூட ஆரன் அடிச்சு "எக்கா"ம்பான்.

இப்ப பிரச்சனை கம்ப்யூட்டர். பாக்கெட்டுக்குப் பாக்கெட் தேதி ஒட்டணும்னு ஆபீசர் வந்து சொல்லிட்டுப் போனார். உடனே எங்க முதலாளி தவசிமுத்து அண்ணாச்சி ஸ்டிக்கர் அடிக்கிற மிஷின் ஒண்ணு வாங்கிப் போட்டார். காலையில லோடு ஏத்தும்போது ஸ்டிக்கரை அடிச்சு ஒட்டி, பில்லைப் போட்டு என் கையில குடுக்கணும். அந்த மிஷின் வந்ததுல இருந்து கம்ப்யூட்டர் திடீர்னு முழு நீலமாப் போயிருது. நீலத்துல ஒரு மூஞ்சி வரும். படுத்துக்கிட்டு அழுற மூஞ்சி. அப்புறம் தானா அணைஞ்சு, தானா எந்திரிக்கும். அதுக்குள்ள பொழுது விடிஞ்சு பன்னு ஆறிப்போவும்.

பில் போடுறது ஜெபசிங். பி.காம். படிச்சவன். நாப்பது வயசுக்கு மேல இருக்கும். பேச்சு திக்கும். எந்த வார்த்தையை எடுத்தாலும் முதல் எழுத்து ரெண்டு மூணு தடவை வரும். அதனால நான் அவனுக்கு வச்ச பேரு ரெட்டை. கம்பெனி முழுக்க இப்ப அதான் பேரு.

"ஏ ரெட்டை, உன் போட்டோவை எதுக்கு இதுல போட்டு வச்சிருக்க?"ன்னேன், அந்த அழுற மூஞ்சியைக் காட்டி.

"ச… ச…"

"சரக்கு ஏத்தணும்ங்கியா? ஏத்தியாச்சு. பில்லைத்தான் காணோம்."

"ச… சனியன்"னு முடிச்சான். கம்ப்யூட்டரைச் சொன்னானா என்னைச் சொன்னானா தெரியலை. பேக்கிங்ல இருந்த பொம்பளைகள் எல்லாம் சிரிச்சிட்டாங்க. அது ஒண்ணுதான் இன்னைக்கு நல்லது.


ஜூன் 4, புதன்

குற்றாலத்துல சீசன் ஆரம்பம். சாரல் இங்க வரைக்கும் அடிக்குது. இந்த மாசம்தான் டீக்கடையில பன்னு அடுக்க அடுக்கத் தீரும். இந்த நேரம் பாத்துத்தானா கம்ப்யூட்டருக்குப் படுக்கை?

பாவூர்சத்திரம் அரிராமர் கடைக்கு நான் போய்ச் சேரும்போது அவன் வேற கம்பெனி பன்னை வாங்கி அடுக்கிட்டான்.

"என்னக்கா, வண்டியைத் தள்ளிக்கிட்டா வந்த?"

"உனக்கு ரெண்டாந்தாரம் பாத்துட்டு வந்தேன். பேசி முடிக்க நேரமாயிட்டு."

அவன் பொண்டாட்டி உள்ள இருந்து கரண்டியோட எட்டிப் பாத்தா. அரிராமர் விழுந்து விழுந்து சிரிச்சான். ஆனா பாதிச் சரக்குதான் இறக்கினான்.


ஜூன் 5, வியாழன்

இன்னைக்கும் நீலம். எல்லாக் கடையிலயும் ஏச்சு. வீட்ல மீன் குழம்பு அடிப்பிடிச்சுட்டு. படுக்கப் போறேன்.


ஜூன் 7, சனி

அண்ணாச்சி கம்ப்யூட்டர் பக்கத்துல எலுமிச்சம்பழம் வச்சிருக்கார். ஜெபசிங் அவன் பங்குக்கு ஒரு வேத வசனம் ஒட்டியிருக்கான். ரெண்டு சாமியும் பாத்துக்கிட்டு இருக்கும்போதே நீலமாப் போச்சு.

"இது எந்த எந்த நேரத்துல நிக்குது?"ன்னு அண்ணாச்சி கேட்டார்.

"கா… காலையில. லோ… லோடு ஏத்தும்போது."

"மத்த நேரம்?"

ஜெபசிங் இல்லைன்னு தலையாட்டினான்.

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பாத்தார். "அப்ப நீ உள்ள வந்தாத்தான் நிக்குது முப்புடாதி."

"என் அழகைப் பாத்து மயங்கிருது அண்ணாச்சி, நான் என்ன செய்ய?"

எல்லாரும் சிரிச்சாங்க. அண்ணாச்சி மட்டும் சிரிக்கலை. "இந்த மாசம் டீசல் ஏன் இவ்வளவு கூடியிருக்கு?"ன்னார்.

"பிந்திக் கிளம்பினா மிதிச்சு ஓட்ட வேண்டியிருக்கு. மிதிச்சா குடிக்கும்."

"ம்"ன்னார். அந்த "ம்" எனக்குப் பிடிக்கலை.


ஜூன் 9, திங்கள்

டைரி, இன்னைக்கு நடந்ததைக் கேளு.

கடையநல்லூர்ல மைதீன் பிச்சை பாய்னு கம்ப்யூட்டர் பாக்குற ஆளு இருக்கார். அங்க உக்காந்துக்கிட்டே இங்க உள்ள கம்ப்யூட்டருக்குள்ள வந்துருவாராம். நானே பாத்தேன், யாரும் தொடாமலே அந்த அம்புக்குறி தன்னால ஊருது. ரொம்ப நேரம் ஊர்ந்துட்டு போன்ல கூப்பிட்டார். அண்ணாச்சிக்குக் காது மந்தம், அதனால எப்பவும் போல ஸ்பீக்கர்ல போட்டார். நான் பில்லுக்காக வாசப்படியில நிக்கேன். ஜெபசிங் நாற்காலியில இருக்கான்.

"அண்ணாச்சி, பாத்துட்டேன். டிரைவர்தான் பிரச்சனை"ன்னார் பாய்.

அண்ணாச்சி என்னைப் பாத்தார். நான் பின்னால யாரும் நிக்காங்களான்னு திரும்பிப் பாத்தேன்.

"என்ன பாய் சொல்லுதீரு?"

"டிரைவர் கரப்ட் ஆயிட்டு அண்ணாச்சி. அதனாலதான் எல்லாம் நிக்குது."

"கரப்டா! எத்தனை நாளா?"

"ரொம்ப நாளாவே இருந்திருக்கும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. பழைய டிரைவர் பாருங்க."

"உமக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அதான் உள்ள போய்ப் பாத்தேனே. எந்தெந்த நேரம் என்னென்ன செஞ்சிருக்குன்னு எல்லாம் பதிவாயிருக்கு. முதல்ல அதைத் தூக்குங்க. தூக்கிட்டு வேற போடுங்க. சும்மா அதையே திரும்பத் திரும்ப வச்சு ஓட்டுனா உங்களுக்குத்தான் நட்டம்."

பாய்க்கு வேற போன் வந்துட்டு, வச்சிட்டார்.

யாரு அந்த ஆளு? என்னை முன்னப்பின்னப் பாத்ததே இல்லை. கம்ப்யூட்டருக்குள்ள உக்காந்துக்கிட்டு என்னைக் களவாணிங்கிறான்! எனக்கே வார்த்தை வரலைன்னா பாத்துக்கோ.

அண்ணாச்சி கையை நீட்டினார். "சாவி."

"அண்ணாச்சி, நான்…"

"பில் போடுற நேரம் பாத்து கம்ப்யூட்டரை நிப்பாட்டினா பில் இல்லாமச் சரக்கு ஏத்தலாம், அப்படித்தானே? டீசல் ஏன் கூடுதுன்னும் இப்பத் தெரிஞ்சுபோச்சு. வை சாவியை."

அப்ப ஜெபசிங் நாற்காலியை விட்டு எந்திரிச்சான். "அ… அண்ணாச்சி. டி… டி… டி…"ங்கான். மூஞ்சி எல்லாம் சிவந்துபோச்சு. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு "டி… டி…"

"அடேய் ரெட்டை, என் தலை இங்க உருளுது, உனக்கு டீ கேக்குதோ? போய்க் குடி போ!"ன்னேன்.

சிரிக்கக் கூடாத நேரம். இருந்தாலும் பேக்கிங்ல எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அண்ணாச்சிகூட "போ, போய்க் குடி"ன்னு கையைக் காட்டினார். ஜெபசிங் என்னை ஒரு பார்வை பாத்துட்டு அடுப்புப் பக்கம் போயிட்டான்.

உன் வீட்டுக்காரன் மூஞ்சிக்காக உன்னை வேலையை விட்டு அனுப்பலை, நாளையில இருந்து பேக்கிங்ல உக்காருன்னு அண்ணாச்சி சொல்லிட்டார்.

அந்த இக்கட்டுலயும் எனக்கு வாய் எப்படி ஓடியிருக்கு பாரு. வீட்டுக்கு வந்து அதை நினைச்சுச் சிரிச்சேன். கொஞ்ச நேரம்தான்.


ஜூன் 10, செவ்வாய்

ரஸ்க் அடுக்கினேன். கை வேகம் பத்தலைன்னு சின்னச் சின்னப் பிள்ளை எல்லாம் எனக்குச் சொல்லிக் குடுக்குது.


ஜூன் 11, புதன்

சாப்பிடும்போது வீட்டுக்காரர் கேட்டார். "உள்ளதைச் சொல்லு. டீசலை எடுத்தியா?"

அவருக்கு ரெண்டாவது சோறு நான் வைக்கலை. அவராப் போட்டுக்கிட்டார்.


ஜூன் 13, வெள்ளி

புது டிரைவர் வந்து ரெண்டு நாளாச்சு. சேர்மராஜ்னு பேரு. சுரண்டைக்காரன். கூப்பிட்டவங்களுக்கு ஆக்டிங்கா கார் ஓட்டிக்கிட்டு இருந்தவனை அண்ணாச்சி பிடிச்சுட்டு வந்திருக்கார். சென்ட் வாடை அவனுக்கு முன்னாலயே உள்ள வருது. ரஸ்க்குல அந்த வாடை ஏறிரும், எட்டி நில்லுன்னேன். "யாரு இந்தப் பாட்டி?"ங்கான். பாட்டியாம்! என் வண்டியை ரெண்டாவது கியர்லயே உறும விட்டுக்கிட்டுப் போறான். என் பல்லைப் பிடுங்குற மாதிரி இருந்துச்சு.

அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். சேர்மராஜ் வந்ததுல இருந்து கம்ப்யூட்டர் நிக்கவே இல்லை. ஸ்டிக்கர் ரோல் தீந்துபோச்சுன்னு நாங்க பேக்கிங்ல உக்காந்து தேதியைக் கையால சீல் குத்திக்கிட்டு இருக்கோம், ஜெபசிங் பில்லை மட்டும் போடுதான், ஒரு நீலம் இல்லை.

"பாத்தியா?"ன்னு அண்ணாச்சி என்கிட்டயே வந்து கேட்டார்.

நான் என்னத்தைப் பாக்க. எனக்கே ஒரு சந்தேகம் வந்துட்டு, நிசமாவே என் கையில ஏதும் தோஷம் இருக்குமோன்னு.


ஜூன் 16, திங்கள்

மத்தியானம் சேர்மராஜ் சாப்பிட்டுக்கிட்டே சொல்லுதான்: "பாட்டி, உன்னை எல்லாக் கடையிலயும் விசாரிச்சாங்க."

"என்னன்னு?"

"டீசல்ல கை வச்சுட்டியாமே. அண்ணாச்சி அவரே போன் போட்டுச் சொல்லியிருக்கார். பழைய டிரைவர் கரப்ட், தூக்கிட்டேன், இனிமே சரக்கு நேரத்துக்கு வரும்னு."

எல்லாக் கடைக்குமான்னு கேட்டேன். எல்லாக் கடைக்கும்னான்.

சாயங்காலம் பாத்தா, பக்கத்துல உக்காந்திருக்கவ அவ மணிபர்சை எடுத்து மடியில சொருகிக்கிறா. "ஏட்டி, அதுல இருக்கது பஸ் டிக்கெட்டுதானே"ன்னு கேலி பண்ணினேன். அவ சிரிக்கலை.

வண்டி போனது போவுது. ஆனா இந்த ரோட்டுல எனக்கு இருந்த பேரு அண்ணாச்சி சம்பாதிச்சுக் குடுத்தது இல்லை. அதை எப்படி அவர் எடுக்கலாம்?


ஜூன் 18, புதன்

ஸ்டிக்கர் ரோல் வந்துச்சு. நீலமும் வந்துச்சு.

அண்ணாச்சி ஆபீஸ் கண்ணாடித் தடுப்பு வழியா என்னையே பாத்தார். நான் ரெண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். "நான் இங்கதான் இருக்கேன் அண்ணாச்சி. ரெண்டு கையிலயும் ரஸ்க்குத்தான் இருக்கு!"

ஜெபசிங் குனிஞ்சுக்கிட்டே இருந்தான். நிமிரவே இல்லை.


ஜூன் 19, வியாழன்

மைதீன் பிச்சை பாயை அண்ணாச்சி நேர்ல வரச் சொல்லிட்டார். வந்தார். நானும் வேணும்னே ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கிட்டு உள்ள போய் நின்னேன். முதல் தடவையா அந்த ஆளைப் பாக்கேன், மூஞ்சியில ரெண்டு குத்து விடணும்னுதான் போனேன்.

"டிரைவரை மாத்தச் சொன்னீரு, மாத்தியாச்சு. இப்பவும் நிக்குதே?"ன்னு அண்ணாச்சி பாய்ஞ்சார்.

"மாத்திட்டீங்களா? யாரு மாத்துனா?"

"நான்தான்."

"நீங்களேயா! பரவால்லியே அண்ணாச்சி. எங்க இருந்து எடுத்தீங்க?"

"சுரண்டையில இருந்து."

பாய் முழிச்சார். "சுரண்டையில யாருகிட்ட? நெட்ல இருந்துல்லா எடுக்கணும்."

"நெட்டுல எதுக்கு எடுக்கணும்? எனக்குத் தெரிஞ்ச பையன். நல்லாத்தான் ஓட்டுதான். வெளியில நிக்கான் பாரும், சென்ட் போட்டுக்கிட்டு."

பாய் ஜன்னல் வழியா எட்டிப் பாத்தார். சேர்மராஜ் கண்ணாடியில தலை சீவிக்கிட்டு இருந்தான். பாய் மறுபடி அண்ணாச்சியைப் பாத்தார். அப்புறம் என்னைப் பாத்தார், நான் நிக்கிற நிலையைப் பாத்தார். "யா அல்லா"ன்னுட்டு ரஸ்க் டின் மேல உக்காந்துட்டார். சிரிச்சார் பாரு, தொப்பியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சிரிச்சார்.

அப்புறம்தான் விளக்கினார். கம்ப்யூட்டரும் இந்த ஸ்டிக்கர் மிஷினும் நேரடியாப் பேசிக்காதாம். ரெண்டுக்கும் நடுவுல உள்ள இருந்து ஒண்ணு ஓட்டணுமாம். கண்ணுக்குத் தெரியாதாம், எல்லாம் எழுத்தாம். அதுக்குப் பேரு டிரைவர். மிஷின் வாங்கும்போது கூடக் குடுத்த டிரைவர் பழசு, கெட்டுப்போயிருந்திருக்கு. ஸ்டிக்கர் அடிக்கச் சொன்னா அது தப்பான இடத்துல போய்க் கையை வைக்கும், கம்ப்யூட்டர் பயந்துபோய் எல்லாத்தையும் நிப்பாட்டிரும். ரோல் தீந்தப்போ நிக்காததும் அதனாலதானாம். ஸ்டிக்கர் அடிச்சாத்தானே அதுக்கு வேலை!

பழசைத் தூக்கினார், புதுசை எடுத்துப் போட்டார். மிஷின் கரகரன்னு ஸ்டிக்கரைத் தள்ளுச்சு. நீலம் இல்லை. தேதி போட்டு வந்துக்கிட்டே இருந்துச்சு.

இப்ப யோசிச்சா ஒண்ணு தெரியுது. சேர்மராஜ் மாதிரி ஆம்பளை டிரைவரா இருந்தா பாய் "அதைத் தூக்குங்க"ன்னப்போ அண்ணாச்சிக்கு இடிச்சிருக்கும். ஆம்பளையைச் சொன்னா "அவனை"ம்பாங்க, "அவரை"ம்பாங்க. என்னை எல்லாரும் எப்பவும் "டிரைவரக்கா வந்துச்சு, டிரைவரக்கா போச்சு"ன்னுதானே சொல்லுதாங்க. "அது" எனக்கு அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி பொருந்திப்போச்சு.

கிளம்பும்போது பாய் ஜெபசிங்கைப் பாத்துக் கேட்டார். "உமக்குத் தெரியுமேய்யா. நீராவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொ… சொல்லத்தான் எந்திரிச்சேன். அ… அன்னைக்கே. இ… இந்தம்மா டீ குடிக்கப் போகச் சொல்லிச்சு."

சொல்லிட்டு வெளியில போயிட்டான். எல்லாரும் என்னைப் பாத்தாங்க.

நான் அப்படிச் சொன்னேனாம். ஒரு நாளைக்கு நான் பேசுறது கொஞ்சமா? எல்லாத்தையும் யாரு ஞாபகம் வச்சிருக்கா? இந்த டைரியில இருக்கும். நான் பக்கத்தைப் புரட்டிப் பாக்கலை.


ஜூன் 20, வெள்ளி

"கம்ப்யூட்டர் சரியாயிட்டு. நாளைக்கு வண்டியை எடு"ன்னு சாவியை மேசையில வச்சார் அண்ணாச்சி. சேர்மராஜைக் கணக்கு முடிச்சு அனுப்பிட்டார். அவ்வளவுதான். தப்பு நடந்துபோச்சுன்னு ஒரு சொல் கிடையாது. பாத்தா ரிப்பேருக்குப் போயிட்டு வந்தது நான்தான்னு நினைக்கணும்.

"கடைக்காரங்களுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி. நீங்கதானே சொன்னீங்க."

"என்னன்னு சொல்ல? கம்ப்யூட்டர் டிரைவரை வண்டி டிரைவர்னு நினைச்சுட்டேன்னா? எனக்கு ஒரு மரியாதை இருக்குல்லா? ஊரே சிரிக்கும்."

"என்னைப் பாத்துத் துப்பினாப் பரவால்ல, உங்களைப் பாத்துச் சிரிக்கக் கூடாதோ?"

"வண்டியை எடுக்கியா, பேக்கிங்லயே இருக்கியா?"

சாவியை எடுத்தேன்.


ஜூன் 21, சனி

அரிராமர் கடையில நானே சொன்னேன். உள்ளதை உள்ளபடி, ஒரு வார்த்தை கூட்டாமச் சொன்னேன். கம்ப்யூட்டருக்குள்ள ஒரு டிரைவர் இருக்கு, அதுதான் கெட்டுப்போச்சு, அண்ணாச்சி அதை நான்னு நினைச்சுட்டாருன்னு.

அவன் கல்லாவைத் தட்டித் தட்டிச் சிரிச்சான். "கம்ப்யூட்டருக்குள்ள டிரைவரா! கண்டக்டர் உண்டுமாக்கா? விசில் ஊதுவானா? கதை விடுறதுல உன்னை அடிச்சுக்க ஆளு கிடையாது!"

"நிசமாத்தான்யா சொல்லுதேன்."

"அன்னைக்கு எனக்கு ரெண்டாந்தாரம் பாத்ததும் நிசந்தானே?" பொண்டாட்டியைக் கூப்பிட்டு அவளுக்கும் சொன்னான். அவளும் சிரிச்சா.

சிரிச்சு முடிச்சுட்டு, கண்ணைத் துடைச்சுட்டு, பெட்டியைப் பிரிச்சு பன்னை ஒண்ணு ஒண்ணா எண்ணினான். நான் இறக்குன சரக்கை அவன் எண்ணி நான் பாத்ததே இல்லை.

கடையத்துலயும் இதே கதை. அம்பாசமுத்திரத்துலயும் இதே. எல்லாரும் சிரிச்சாங்க, எல்லாரும் எண்ணினாங்க.


ஜூன் 23, திங்கள்

ஜெபசிங்கிட்ட போய் நின்னேன். "ஒரு நாள் வண்டியில என்கூட வா. நீ படிச்சவன், பில் போடுறவன். நீ சொன்னா நம்புவாங்க."

"வ… வரலை."

"ஏன்?"

அவன் கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே பேசினான். ரொம்ப நேரம் எடுத்துச்சு. "எ… எட்டு வருஷமா என்னை ரெ… ரெட்டைன்னு கூப்பிட்ட. எ… எம் பொண்ணு இங்க வந்தப்போ அ… அவ முன்னாலயும் கூப்பிட்ட. இப்ப உ… உனக்காக நான் வாயைத் தொறக்கணும்."

"கேலிதானே அது. எல்லாரையும்தானே பண்ணுதேன்."

"ம… மறுநாள் அண்ணாச்சிகிட்ட எழுதிக் காட்டியிருக்கலாம். கா… காட்டலை. நீ பேக்கிங்ல உ… உக்காந்திருந்தது எனக்கு ந… நல்லா இருந்துச்சு."

இதை அவன் என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னான். எனக்கு வந்த கோவத்துக்கு, "ஒரு கடையில வந்து ஒரு தடவை சொன்னாப் போதும், எப்படியும் உன் வாயில ரெண்டாத்தான் வரும்"னுட்டேன்.

அவன் எந்திரிச்சுப் போயிட்டான். பேக்கிங்ல இன்னைக்கு யாரும் சிரிக்கலை.


ஜூன் 24, செவ்வாய்

ஜெபசிங் பில்லை மேசையில வச்சுட்டு உள்ள போயிட்டான். நானா எடுத்துக்கிட்டேன்.


ஜூன் 25, புதன்

அரிராமர் எண்ணி முடிச்சு ஒரு பன்னு குறையுதுன்னான். மறுபடி எண்ணினான். சரியா இருந்துச்சு. "மன்னிச்சுக்கோக்கா"ன்னான். பரவால்லன்னேன். கேலி ஒண்ணும் வாயில வரலை.


ஜூன் 26, வியாழன்

சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் ஜெபசிங் மேசைக்குப் போனேன். அவன் கணக்கை மூடிக்கிட்டு இருந்தான்.

"ஜெபசிங், நாளைக்கு ஒரு நாள் வாரும்"னேன். வேற ஒண்ணும் சொல்லலை. நின்னேன். அவன் பதில் சொல்ல வாயைத் தொறந்தான், மூடினான். என்ன சொல்ல வந்தானோ அதை நான் முடிச்சு வைக்கலை.

அவன் சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.


ஜூன் 27, வெள்ளி

காலையில லோடு ஏத்திட்டு வண்டியில ஏறுதேன், பக்கத்து சீட்டுல ஜெபசிங். மடியில சாப்பாட்டு வாளி.

"ரி… ரிட்டன் சரக்கு சரிபாக்கணும். உ… உனக்காக இல்லை."

"சரி"ன்னேன். பாவூர்சத்திரம் வரைக்கும் சாரல் கண்ணாடியில அடிச்சுக்கிட்டு வந்துச்சு.

அரிராமர் கடையில கூட்டம். டீ குடிக்கவங்க, பன்னு வாங்கவங்க. நான் பெட்டியை இறக்கி வச்சேன். ஜெபசிங் முன்னால வந்து நின்னான்.

"யாரு, பில் போடுற ஐயாவா? வாங்க, என்ன இவ்வளவு தூரம்?"ன்னான் அரிராமர்.

"அ… அண்ணாச்சி போன்ல சொ… சொன்னது தப்பு. டி… டி… டி…"

கடையே அவன் வாயைப் பாக்குது. அவன் கண்ணை மூடிக்கிட்டான். கழுத்து நரம்பு புடைச்சிட்டு. "டி… டி…" எனக்கு அந்த வார்த்தை தெரியும். முழுசா என் நாக்கு நுனியில நிக்குது. நான் சொல்லிட்டா ஒரு நொடியில முடிஞ்சுரும். அரிராமர் "டீயா ஐயா?"ன்னு கிளாஸை எடுக்கப் போனான். நான் அவன் கையை எட்டிப் பிடிச்சேன். "பேசட்டும்"னேன். பன்னுப் பெட்டி ஓரத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். எவ்வளவு நேரம்னு தெரியலை. ஒரு பஸ் வந்து ஆளை இறக்கிட்டுப் போயிட்டு.

"டிரைவர்"னான். கண்ணைத் தொறந்தான். "டிரைவர் வேற, இ… இந்தம்மா வேற. க… கம்ப்யூட்டர்ல உள்ளது கெட்டுப்போச்சு. டீ… டீசலை இவங்க எ… எடுக்கலை. கணக்கு எ… என்கிட்ட இருக்கு, நான் பா… பாத்தவன் சொல்லுதேன்."

யாரும் சிரிக்கலை. அரிராமர் என்னைப் பாத்தான். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன், ஏன்னு தெரியலை.

ஜெபசிங் அதோட விடலை. என் பக்கம் கையைக் காட்டி, "வாய் மோசம். கை… கை சுத்தம்"ன்னான்.

வண்டியில ஏறினதும் கேட்டேன். "கடையத்துலயும் சொல்லுவீரா?"

"ம்."

"அந்த வாய் மோசம்ங்கிறதையுமா?"

"ம்."

சொன்னான். கடையத்துல சொன்னான், அம்பாசமுத்திரத்துல ஒவ்வொரு கடையா இறங்கி ஏறிச் சொன்னான். ஒவ்வொரு கடையிலயும் டிரைவருக்குத் திக்கினான், டீசலுக்குத் திக்கினான், கைக்குத் திக்கினான். நான் ஒவ்வொரு தடவையும் வாயை மூடிக்கிட்டு நின்னேன். "வாய் மோசம்" மட்டும் அவனுக்கு எந்தக் கடையிலயும் திக்கலை.